வீடு பார்க்க வந்த இரண்டு பேர்

எண்பதுகளின் நடுவில் நடந்தது. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு அரை ஏக்கர் மானாவாரி. மற்ற நாளில் கூலி வேலை. மூன்றாம் வகுப்போடு நின்றவன்.

என் மகள் தருமபுரியில் விடுதியில் தங்கிக் காலேஜ் படித்தாள். எங்கள் தெருவில் அதுவரை யாரும் காலேஜ் போனதில்லை. அவளைப் போல வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, ஊர்ப் பொதுக் காரியங்களை முன்னின்று நடத்த மெட்ராசில் ஒரு வருடம் பயிற்சி கொடுக்க ஒரு சங்கம் முன்வந்தது. செலவு அவர்களுடையது. ஊருக்கு என்ன செய்தாய் என்று எழுதச் சொன்னார்கள். எங்கள் பெண்கள் ஒரு மைல் நடந்து தண்ணீர் எடுப்பதையும், அவர்களைக் கூட்டிப் போய் அடிபம்பு கேட்டு மனு கொடுத்ததையும் அவள் எழுதினாள். அத்தனையும் உண்மை. மனுவில் முதல் கைநாட்டு என் மனைவியுடையது.

கடைசிப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. வீட்டைப் பார்க்கச் சங்கத்தின் தருமபுரி ஆபீசிலிருந்து இரண்டு பேர் வருவதாக எனக்குக் கார்டு வந்தது. அவர்கள் வரும் நாளில் அவளுக்குப் பரீட்சை.

ஒரு பெண்ணுக்காக வீடு பார்க்க ஆள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது ஒரு வழிதான். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பக்கத்து வீட்டில் இரண்டு மடக்கு நாற்காலியும் ரேடியோவும் இரவல் வாங்கி வந்தேன். அவர்களுடைய கறவை மாட்டையும் ஓட்டி வந்து எங்கள் வாசலில் கட்டினேன்.

"ஏன் மாமா, மாப்பிள்ள வூட்டுக்காரங்களா வராங்க? மாட்டுக்கும் ஒரு சீலை கட்டி வுடு" என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

"வேணாங்க, இருக்கறபடியே இருக்கட்டும்" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

ஒரு அம்மாவும் ஒரு ஐயாவும் வந்தார்கள். கேசரி கொடுத்தோம். ஐயா நோட்டை விரித்து நிலம் எவ்வளவு என்றார். இரண்டு ஏக்கர் என்றேன்.

"தண்ணிக்கெல்லாம் கஷ்டமா பெரியவரே?"

"அதெல்லாம் ஒரு குறையும் இல்லைங்க."

மனைவி கதவுக்குப் பின்னால் நின்றாள். விடியலில் இருந்து இரண்டு நடை போய் வந்த குடம் அவள் காலடியில் இருந்தது. அந்த அம்மா அவளைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஐயா நான் சொன்னதை எழுதிக்கொண்டார். நல்லபடியாக முடிந்தது என்று அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பத்து நாள் கழித்து மகள் வந்தாள். பையை இறக்கி வைக்கவில்லை.

"வசதியான குடும்பம்னு எழுதிட்டாங்கப்பா. தண்ணிக் கஷ்டம்னு நான் எழுதுனது பொய்யாம். ஏம்ப்பா அப்படிச் சொன்ன?"

"உன்ன யாரும் கொறைவா நெனச்சிடக் கூடாதுன்னுதான், பாப்பா."

அவள் பையைத் திண்ணையில் வைத்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு அம்மாவோடு தண்ணீருக்குப் போனாள்.

மறுநாள் தருமபுரிக்குப் போய் அந்த ஐயாவைத் தேடிப் பிடித்தேன். மாடு என்னுடையது இல்லை, நிலம் அரை ஏக்கர்தான் என்றேன். இடம் வேறு ஒரு பிள்ளைக்குப் போய்விட்டது என்றார். இடம் போகட்டும், என் மகள் பொய் எழுதவில்லை என்று மட்டும் மாற்றி எழுதுங்கள் என்றேன்.

"நீங்க சொன்னதத்தான் எழுதினேன் பெரியவரே" என்றார்.

மகள் பரீட்சையில் பாஸ் செய்தாள். அந்த வருடமே கல்யாணம் செய்து வைத்தோம். ஓசூரில் இருக்கிறாள். பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊர்க் காரியம் எதற்கும் அவள் அப்புறம் மனு எழுதவில்லை. ஒருநாளும் அதைச் சொல்லி என்னைக் குத்திக் காட்டியதும் இல்லை. அவள் உண்மையைத்தான் எழுதினாள் என்று சொல்லியிருக்க வேண்டிய நேரத்தில், என் மானம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது என்பதை இன்றைக்கும் என்னால் செரிக்க முடியவில்லை.