பெயர் தெரியாதவர்களைக் குளிப்பாட்டிய வீடு

கருவாட்டு வாசமும் துறைமுகத்து நிலக்கரிப் புகையும் கலந்த ராயபுரத்துக் காற்றை மீறி, ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் எங்கள் சந்துக்குள் கறிக்குழம்பின் மணம் எழும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, நானும் ஸ்டெல்லா அக்காவும் தட்டு வைத்துக் காத்திருந்தபோது, துறைமுகத்தில் பாரம் தூக்கும் 'விஞ்சு' ஓட்டிய எங்கள் நைனா, ஒரு கைவண்டியைத் தள்ளிவந்து வாசலில் நிறுத்தினார். மூடியிருந்த கோணிக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

எனக்கு ஒன்பது வயது. அம்மா போட்ட கூச்சலில் சந்தே திரண்டது.

"இன்னாய்யா இது! புள்ளைங்க சோறு துன்ற நேரத்துல பொணத்த தள்ளிகினு வந்துகீற?"

நெல்லூர்ப் பக்கத்துக் கூலியாள் அவர். மூட்டைகள் சரிந்து மார்பில் விழ, நைனாவின் மடியிலேயே உயிரை விட்டிருக்கிறார். உற்றார் இல்லை, பெயரைக்கூட யாரும் கேட்டு வைத்திருக்கவில்லை.

"சாகறப்ப ஒண்ணுதாம்மே கேட்டான். 'என்ன எங்க போடுவாங்கண்ணா'ன்னான்," என்றார் நைனா. "குப்பைய கேக்கற மாரி கேட்டான். அவனாண்ட நா இன்னா சொல்றது?"

கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டுமே கோயில் படி ஏறியவர், பெற்ற பிள்ளைகளை ஒருநாளும் குளிப்பாட்டி அறியாதவர், அந்த மனிதரைக் கொல்லையில் கிடத்திக் காதுமடல் வரை சோப்புப் போட்டுக் கழுவியதை நான் திறந்த வாய் மூடாமல் பார்த்தேன். கோயில் கல்லறையில் இடம் தரச் சாமியார் தயங்கவே, பொது இடுகாட்டில் தாமே குழி வெட்டி அடக்கம் செய்து, பரலோக மந்திரத்தைத் தப்பும் தவறுமாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"ஆண்டவரு என்ன இன்னாத்துக்குப் பொறக்க வச்சாருன்னு இன்னிக்குத்தாம்மே தெரிஞ்சிது," என்றார் அம்மாவிடம்.

அம்மா அதை ஒருநாள் கிறுக்கு என்று நினைத்தாள். ஆனால் விபத்தில் செத்தவர், வாந்திபேதியில் போனவர், கடல் ஒதுக்கியவர் என்று கேட்பாரற்ற உடல்கள் எங்கள் கொல்லைக்கு வந்துகொண்டே இருந்தன. கோயிலில் அக்காவின் கல்யாணத்தை ஊரறியச் சொல்லும் ஓலை வாசித்தான பிறகு, தண்டையார்பேட்டை மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றார்கள். "பொணம் தொடற கையால குடுக்கற பொண்ணு எங்களுக்கு வாணாம்." அன்று நைனா மாதா படத்தின் முன் குப்புற விழுந்து அழுதார். மறுநாள் இன்னொரு உடலுக்காக ஆள் வந்து கூப்பிட்டதும் எழுந்து போனார். அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மழைக்காலத்தில் கடல் ஒரு இளம்பெண்ணைக் கரையில் ஒதுக்கியது. துணி கிழிந்து கிடந்தவளைக் கொல்லைக்குக் கொண்டுவந்த நைனா, தொடவும் முடியாமல், விடவும் முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சந்துப் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்; அம்மாவுக்கும் கால் எழவில்லை. அப்போது உள்ளேயிருந்து அக்கா வந்தாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டே.

"நைனா, நீ வெளிய போ. பொம்பள ஒடம்பு. நா பாத்துக்கறேன்."

கல்யாணம் நின்றபின் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அவள், "கொஞ்சம் திரும்பு கண்ணு, முதுவுல மண்ணு கீது," என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிச் சொல்லிக் கழுவினாள். வெளியே நைனா சுவரில் முகம் புதைத்துத் தேம்பியது கேட்டது.

அதன்பின் பெண்களை அக்காதான் குளிப்பாட்டினாள். கல்யாணம் கேட்டு வந்தவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வாள். ஒருவரும் மறுமுறை வரவில்லை. அவள் வருந்தியதாக எனக்குத் தெரியாது.

இன்று அந்தக் கரையே இல்லை, கருங்கல்லைக் கொட்டிவிட்டார்கள். எங்கள் கொல்லையின் மேல் சாலை ஓடுகிறது. நைனாவும் இல்லை, அக்காவும் இல்லை. துக்க வீடுகளுக்கு இப்போதும் போகிறேன்; வெள்ளை வண்டி வருகிறது, கையுறை போட்டவர்கள் சத்தமில்லாமல் வேலையை முடித்துப் போகிறார்கள். செத்தவளைக் 'கண்ணு' என்று கூப்பிட்ட குரலை அதற்குப் பிறகு நான் எங்கும் கேட்கவில்லை.