முத்தல் வெண்டைக்காய்

போன வாரம் பீளமேட்டில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். ஏசி போட்டு, பாட்டுப் போட்டு, காய்கறிக்கெல்லாம் குளிக்க வைத்தமாதிரி தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்களே, அந்த மாதிரிக் கடை. வெண்டைக்காயைத் தட்டில் அடுக்கி மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றியிருந்தார்கள். என் கை சும்மா இருக்குமா? தாளின் ஓரத்தைக் கிழித்து, விரலை விட்டு, ஒரு காயின் நுனியை டக்கென்று ஒடித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற கடைப் பெண் பதறிப்போய், "அய்யோ, ஒடிக்காதீங்க்கா, கேமராவுல பாத்தா என்னையத்தான் திட்டுவாங்க" என்றது. கிழித்த தட்டை நானே எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டேன். ஆனால் அதற்குள் அந்த வாசம் மூக்கில் ஏறிவிட்டது. ஒடித்த வெண்டைக்காய்க்கு ஒரு பச்சை வாசம் உண்டு, கொழகொழவென்று. அது ஏறினால் எனக்கு இரண்டு ஊர் ஞாபகம் வரும். ஒன்று பெருந்துறைப் பக்கம். இன்னொன்று ஜெர்மனி. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

என் அம்மா வெண்டைக்காய் பறிக்கிற வேலைக்குப் போனவள். தோட்டம் எங்களுடையது இல்லை. எங்களுடையது கை மட்டும்தான். அந்த வேலையை யாரும் பசுமை, தென்றல் என்று அழகாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காயிலும் சுணை, இலையிலும் சுணை. கை அரிக்கும், கழுத்து அரிக்கும், ராத்திரி படுத்தாலும் அரிக்கும். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் போவேன், பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு. பிஞ்சுக்காய் எல்லாம் மூட்டை கட்டி மார்க்கெட்டுக்குப் போய்விடும். இலைக்கடியில் ஒளிந்திருந்து, பறிக்காமல் விட்டு, கட்டைவிரல் தண்டிக்குப் பெருத்து முத்திப்போனது எங்களுக்கு. "அந்த முத்தலையெல்லாம் நீங்களே கொண்டுபோயிருங்க" என்பார் தோட்டத்துக்காரம்மா. பெரிய வள்ளல்!

அம்மா அதை நாரெடுத்து, கீறி, உள்ளே இருக்கிற விதையோடு புளிக்குழம்பு வைப்பாள். விதை பல்லுக்கிடையில் நறுக்கென்று உடையும். மிச்ச நாரை மென்று மென்று துப்ப வேண்டும். காய்ப்பு இருக்கிறவரை தினமும் அதேதான். வேலைக்குப் போய்ச் சம்பாதித்தால் இந்த ஜென்மத்துக்கும் வெண்டைக்காயைத் தொட மாட்டேன் என்று ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னேன். "பாக்கலாஞ் சாமி, பாக்கலாம்" என்று அம்மா சிரித்தாள்.

படித்தேன். இதே பீளமேட்டில் ஓர் ஐ.டி. ஆபீஸில் வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்தவரையே கட்டிக்கொண்டேன். இவர் உக்கடத்துக்காரர், டவுனிலேயே வளர்ந்தவர். வெண்டைக்காய் செடியில் காய்க்கிறதா, பஸ் ஸ்டாண்டில் காய்க்கிறதா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். மற்றபடி தங்கமான மனுஷன். எங்கள் இரண்டு பேரையும் ஆபீஸில் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். ஊரிலே எல்லாரும் பொறாமைப்பட்டார்கள். வந்து பார்த்திருக்க வேண்டும்!

நாங்கள் போய் இறங்கிய அந்தச் சின்ன ஊரில் காய்கறி வாங்கப் போவது என்றாலே எனக்கு அலுப்பாக வரும். எல்லாம் பளபளவென்று இருக்கும், எதிலும் வாசம் இருக்காது. வெள்ளரிக்காய்க்குச் சட்டை போட்டுவிட்ட மாதிரி பிளாஸ்டிக். கத்தரிக்காய் ஒவ்வொன்றும் கைக்குழந்தை அளவு. கொத்தமல்லியைச் சின்னச் சட்டியில் செடியாகவே விற்பார்கள், வீட்டுக்கு வந்ததும் தலை சாய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஊரையே இழுத்துப் பூட்டிவிடுவார்கள். இந்தியக் கடை என்று ஒன்று இருந்தது, இரண்டு ரயில் மாறிப் போக வேண்டும். அங்கே ஒரு பிடி கறிவேப்பிலையின் விலையைக் கேட்டுவிட்டு இவர், "இதுக்கு மோதிரமே வாங்கியிருக்கலாம்" என்றார். அந்தக் கறிவேப்பிலையும் கருகிப்போய் இருந்தது.

இதெல்லாம் கூடச் சமாளித்துவிடலாம், ரொட்டி தின்றால் ஆச்சு. அப்போதுதான் மசக்கை வந்தது. மசக்கை என்றால் உங்கள் வீட்டு எங்கள் வீட்டு மசக்கை இல்லை. தண்ணீர் குடித்தாலும் திரும்பி வந்துவிடும். சீஸ் வாசத்துக்கு ஒருமுறை, பக்கத்து வீட்டில் ஏதோ வறுத்த வாசத்துக்கு ஒருமுறை. சுடிதார் தோளில் நிற்காமல் நழுவியது. டாக்டர் அம்மா எடையைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போதும் இறங்கியிருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவேன், இது பிள்ளைக்கு நல்லதில்லை என்று மெதுவாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "எதையாவது கேளு கண்ணு, அம்மா சாப்பிடறேன்" என்று அழுதேன்.

கேட்டது பாருங்கள். உலகத்தில் எத்தனையோ இருக்க, நாக்கு முத்தல் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பைக் கேட்டது. அந்த விதை பல்லில் உடைகிற நறுக் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது.

அம்மாவுக்கு போன் போட்டேன். முதலில் சிரித்தாள். "அந்தக் கருமத்தையா கேக்குற? இங்க நெறைய கெடக்குது கண்ணு, இப்பத்தான் மாட்டுக்குப் போட்டுட்டு வாரேன்" என்றாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "ஒரு வாய் ஆக்கிப்போட என்னால வர முடியலயே" என்றாள். அம்மாவிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. அதை எடுத்து, விசா வாங்கி, அவள் வந்து சேர்வதற்குள் பிள்ளையே பிறந்து நடக்கும்.

அடுத்த தெருக்கோடியில் ஒரு துருக்கிக்காரம்மாவின் கடை இருந்தது. அங்கே வெண்டைக்காய் வந்திருக்கிறது என்று இவர் ஓடிவந்து சொன்னார். மெதுவாக நடந்து போனோம். இருந்தது, கூடை நிறைய. ஆனால் எல்லாம் சுண்டுவிரல் நுனி அளவு. பிஞ்சு என்றால் அப்படி ஒரு பிஞ்சு. அடியில் எங்கேயாவது ஒரு முத்தல் இருக்காதா என்று ஒன்றை எடுத்து ஒடித்தேன். டக். இளசு. இன்னொன்று. டக். அதுவும் இளசு. ஊரில் ஒடியாத காயைத்தான் ஒதுக்குவார்கள். நான் ஒடியாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். தலைநிமிர்ந்து பார்த்தால் கடைக்காரம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார், என் முன்னால் ஒரு குவியல் ஒடிந்த காய்.

அவர் போட்ட சத்தம் ஒன்றும் எனக்குப் புரியவில்லை, புரியாமலும் இல்லை. அருமையான காயை எல்லாம் ஒடித்துப் போட்டுவிட்டு, வேண்டாமென்று தலையாட்டினால் எந்தக் கடைக்காரருக்குத்தான் கோபம் வராது? நல்லதைத்தான் ஊரே கேட்கும். கெட்டதைக் கொடு என்று எந்த பாஷையில் கேட்பது? இவர் கையைக் காட்டிப் பெரிசு, பெரிசு என்று அபிநயம் பிடித்தார். அந்தம்மா அவரையும் சேர்த்து முறைத்தார். ஒடித்த காயை எல்லாம், மேலே ஒரு பிடி முழுக்காயும் சேர்த்து வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தோம்.

குழம்பு வைத்தேன். பிஞ்சுக்காய் பாதி கரைந்து கொழகொழவென்று நின்றது, விதை என்று ஒன்றுமே பல்லில் படவில்லை. இரண்டு வாய். அவ்வளவுதான், பாத்ரூமுக்கு ஓடினேன். திரும்பி வந்தால், ஒடிக்காமல் தப்பித்த நாலைந்து காயை இவர் ஜன்னலோரம் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். "என்னங்க பண்றீங்க?" என்றேன். "வெயில்ல கெடந்தா முத்திடும்ல?" என்றார். வெயில் எங்கே இருந்தது! எத்தனையோ நாளுக்கப்புறம் அப்போதுதான் சிரித்தேன். பறித்த காய் வாடுமே தவிர முத்தாதுங்க, செடியில் இருந்தால்தான் முத்தும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

அடுத்த முறை எடை இன்னும் இறங்கித்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையில் ஊசி குத்தி, பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். என்னால் தின்ன முடியாததை எல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான் என் பிள்ளை தின்றது. பெண் பிறந்தாள், கொஞ்சம் எடை குறைவாக. குரலுக்கு ஒரு குறையும் இல்லை.

கைக்குழந்தையோடு ஊருக்கு வந்தபோது, பெட்டியை இறக்கவில்லை, "அம்மா, அந்தக் குழம்பு" என்றேன். சோறு போட்டாள். நாட்டுக்கோழி வறுவல், முட்டை, ரசம். ஓரத்தில் வெண்டைக்காய்ப் பொரியல், சந்தையில் காசு கொடுத்து வாங்கிய பிஞ்சுக்காய். "முத்தல் எங்கம்மா?" என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. "சீமையில இருந்து வந்த புள்ளைக்கு முத்தலையா ஆக்கிப்போடுவாங்க? அக்கம்பக்கம் என்ன பேசும்? எம்புள்ளைக்குப் பிஞ்சு வாங்க இப்ப எங்கிட்டக் காசிருக்குது அம்மணி" என்றாள். அவ்வளவு பெருமை அந்தக் குரலில். பிஞ்சையே தின்றேன். அடுத்த தடவை வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அடுத்த தடவை நான் வந்து சேர்ந்தபோது அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சுவலி. சொல்லியனுப்ப நேரமே இல்லாமல் போய்விட்டது. கும்பிட்ட மாதிரி சேர்த்துக் கட்டி வைத்திருந்த அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் நாங்கள் ஜெர்மனியிலிருந்து இங்கேயே திரும்பி வந்துவிட்டோம். அம்மா காய் பறித்த அந்தத் தோட்டத்தில் கல் நட்டு சைட் போட்டுவிட்டார்கள். அம்மாவோடு கூட வேலைக்குப் போனவர்களெல்லாம் மில்லுக்கும் கம்பெனிக்கும் போகிறார்கள், நன்றாக இருக்கிறார்கள். அதற்கு நான் அழப்போவதில்லை. என் பெண் வெண்டைக்காயைப் பார்த்தாலே ஓடுகிறாள், என் மகள்தானே.

போன வாரம் அந்த ஏசிக் கடையில் பில் போடுமுன் கடைப் பெண்ணிடம், "ஏங்கண்ணு, இதுல முத்தல் வருமா?" என்று கேட்டேன். "முத்தலா? அதெல்லாம் வண்டியிலயே ஏத்த மாட்டாங்க்கா. எதுக்குங்க்கா?" என்றது. சும்மாதான் கண்ணு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒடித்த காயைப் பொரியலில் போட்டுவிட்டேன். மிச்சத்தைச் சமையலறை ஜன்னலோரம் அடுக்கி வைத்திருக்கிறேன். மறுநாள் காலையில் இவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெண்டைக்காய் பறித்தவள் மகளுக்குத் தெரியாதா, பறித்த காய் முத்தாது என்று? தெரிந்தேதான் வைத்திருக்கிறேன். இன்றைக்கு எல்லாம் வாடிக் கிடக்கின்றன, எடுத்துப்போட மனசு வரவில்லை.