முதலில் வெளியூர்க்காரன், பிறகு எதிரி

ஒன்றரை வருடம் நான் ஒரு லத்தீன் அகராதியோடு வேலை செய்தேன். எனக்கு லத்தீன் தெரியாது. அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதே அங்கே முதல் விதி.

திருச்சி கன்டோன்மென்ட்டில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் பழைய புத்தகங்களைக் கணினிக்கு ஏற்றித் தருவது எங்கள் நிறுவனத்தின் தொழில். எங்கள் குழுவுக்கு வந்தவை, நூறு வருடத்துக்கு மேல் பழையதான ஓர் அகராதியின் ஸ்கேன் பக்கங்கள். ரோமானியர்களின் பழைய இலக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் எந்தப் பொருளில், யார் எழுத்தில் வந்திருக்கிறது என்று காட்டும் அகராதி அது. சொல், அதன் பொருள் ஆங்கிலத்தில், அந்தப் பொருளில் அதை எழுதியவரின் சுருக்கப் பெயர், அவர் எழுதிய வரி. பிறகு அடுத்த பொருள், அடுத்த ஆள். சில சொற்கள் மூன்று பக்கம் ஓடும்.

ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டுவார்கள். ஏ கீயர், பி கீயர் என்று பெயர். இருவரும் வேறு வேறு வரிசையில் உட்கார வேண்டும். ஒருவர் வேலையை மற்றவர் பார்க்கக் கூடாது. பிறகு ஒரு கணினி நிரல் இரண்டு கோப்புகளையும் ஒப்பிடும். ஒத்துப்போனால் பக்கம் சரி. ஒத்துப்போகாத இடத்தை மூன்றாவது ஆள் ஸ்கேனைப் பார்த்துத் தீர்ப்பார். இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நடக்கும் வேலை இது. மொழி தெரிந்தவர்களைச் சேர்க்காததற்கும் காரணம் உண்டு. தெரிந்தவர் கண்ணில் பட்டதை விட்டுவிட்டு மனதில் இருப்பதைத் தட்டிவிடுவார்.

நான் கீயர் இல்லை. ஒப்பிடும் நிரலை எழுதியவள்.

ஸ்ரீரங்கத்தில் வீட்டில் இதை விளக்கிச் சொன்னபோது அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "அர்த்தமே தெரியாம அத்தனை பேரும் அடிச்சிண்டு உக்காந்திருக்கேளா?" என்று கேட்டாள். கோவிலில் கோஷ்டியாக நின்று பாசுரம் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் என்று அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"உங்களைச் சொல்லிக்கறேளா?" என்றாள் அம்மா.

எங்கள் பி கீயர்களில் ஒருவர் தொட்டியத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனார். முப்பத்தெட்டு வயது, தமிழில் எம்.ஏ., வீட்டில் வாழைத் தோட்டம். கல்யாணமாகிப் பதினைந்து வருடம் கழித்து அவருக்குக் கிடைத்த முதல் வேலை. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னை வேலை நேரத்தில் மேடம் என்றும் சாப்பாட்டு நேரத்தில் அம்மா என்றும் கூப்பிடுவார். ஆறு மாதம் தற்காலிகம். அதற்குள் பிழை எண்ணிக்கை வரம்பைத் தாண்டாவிட்டால் நிரந்தரம். நிரந்தரமானால் போய் வரட்டும், ஆகாவிட்டால் அதோடு நின்றுவிடட்டும் என்று அவர் வீட்டில் பேசி முடிவு செய்திருந்தார்கள். இதை அவர் முதல் வாரமே என்னிடம் சொல்லிவிட்டார். குறை சொல்லும் குரலில் இல்லை, பஸ் நேரத்தைச் சொல்வது போல.

அவர் படித்துக்கொண்டே தட்டினார். பொருள் ஆங்கிலத்தில் இருந்ததால் நினைத்தால் யாரும் படிக்கலாம். மணிக்கு இத்தனை எழுத்து என்று இலக்கு இருந்ததால் மற்றவர்கள் நினைக்கவில்லை. இவர் இலக்கையும் முடித்துவிட்டு, மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அன்றைய சொற்களையும் எடுத்து வைப்பார். டெலிராரே என்று ஒரு வினை. ஏர் ஓட்டும்போது சால் விட்டு விலகுவது அதன் அடிப்படைப் பொருள். இலக்கியத்தில் புத்தி பேதலித்துப் பேசுவதற்கே அதிகம் வருகிறது.

"எங்க ஊர்ல மாடு சால் விட்டு விலகினா மாட்டைத்தான் திட்டுவோம்" என்றார். "அவங்க மனுசனைத் திட்டியிருக்காங்க."

ஃபோகுஸ் என்றால் அடுப்பு. வீடு, குடும்பம் என்ற பொருளும் அதிலிருந்தே கிளைத்தது. எங்கள் டீம் லீட் தினமும் காலையில் ஃபோகஸ், ஃபோகஸ் என்று கைதட்டுவார். மறுநாள் அவர் அப்படிச் சொன்னதும் எங்கள் மேஜைப் பக்கம் மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்ததுபோல் அவர் ஏன் தவிக்கிறார் என்று அக்கா முந்தின நாள்தான் கேட்டிருந்தார்.

கீயர்களுக்குச் சந்தேகம் வந்தால் எழுத ஒரு பொதுத் தாள் கணினியில் இருந்தது. அதற்குப் பதில் எழுதுவது என் பொறுப்பு. ஒரே மாதிரிக் கேள்விகள் வந்ததால் நான் பன்னிரண்டு பதில்களைத் தயார் செய்து எண்ணிட்டு வைத்திருந்தேன். பெரும்பாலான கேள்விகளுக்கு நான்காம் எண் போதும்: பக்கத்தில் உள்ளபடி தட்டவும்.

அக்கா அந்தத் தாளில் மூன்று முறை எழுதினார். அமைப்பு தெரிவதற்காகக் கீயர்களுக்கு முடிந்த பக்கங்களை மாதிரியாகக் கொடுப்போம். அந்த மாதிரியில் மேற்கோள்கள் இருக்கும் வரிசை ஸ்கேனில் இருக்கும் வரிசை இல்லையே, எது சரி என்று கேட்டிருந்தார். மூன்று முறையும் நான் நான்காம் எண்ணை ஒட்டினேன். மாதிரியைத் திறந்து பார்க்கவில்லை.

அவருடைய ஆறாவது மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. எச் எழுத்தில் தொடங்கும் சொற்கள் முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேற்கோள்கள் கலைந்து கிடக்கின்றன, இந்த நிலையில் இது அகராதியே இல்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த எழுத்துக்கு பி கீயர் அக்கா. டீம் லீட் சந்தேகத் தாளைத் திறந்தார். வரிசையைப் பற்றி அங்கே மூன்று கேள்விகள், மூன்றும் ஒரே ஆளிடமிருந்து. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எங்கள் எல்லோர் முன்னாலும் நிதானமாகத்தான் பேசினார்.

"நீங்க அர்த்தம் பாக்கறீங்க. பாத்துட்டு, இது இங்க இருக்கணும், அது அங்க இருக்கணும்னு மாத்தியிருக்கீங்க. அது நம்ம வேலை இல்லைங்க."

தான் மாற்றவில்லை என்று அக்கா சொன்னார். அப்படியானால் ஏன் கேட்டீர்கள் என்றார் அவர். நிரந்தரமாகிறவர்களின் பட்டியல் திங்கள் மதியம் மனிதவளத் துறைக்குப் போகிறது, இந்தப் பிழைகளைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது என்றும் சொன்னார். நானும் அங்கே இருந்தேன். அவர் சொல்வது சரியாக இருக்கும் என்றே எனக்கும் தோன்றியது. படிக்கிறவர் கை சும்மா இருக்காது என்று நம்பிப் பழகியவள் நான்.

தொட்டியம் பஸ்ஸும் ஸ்ரீரங்கம் போகும் என்னுடைய ஒன்றாம் நம்பரும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில்தான். அன்று மாலை சேர்ந்து போனோம். அவர் அழவில்லை. எனக்குப் புரியவைத்துவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் இருந்தது. திருப்பி அனுப்பிய சொற்களில் ஒன்று ஹோஸ்டிஸ். பழைய எழுத்துகளில் அதற்கு வெளியூர்க்காரன், அந்நிய நாட்டான் என்று பொருள். பிற்பாடு அது எதிரி ஆகிவிட்டது, நாட்டோடு போருக்கு வருகிறவன். நம் முன்னோர்கள் வெளியாளைத்தான் இப்படிச் சொன்னார்கள் என்று ரோமானியர்களிலேயே பின்னால் வந்த ஒருவர் விளக்கம் எழுதும் அளவுக்குப் பொருள் நகர்ந்துவிட்டது. அகராதிக்காரர் அதனால் பழைய காலத்தில் எழுதியவரை முதலில் வைக்கிறார், பின்னால் வந்தவர்களைப் பின்னால்.

"முதல்ல வெளியூர்க்காரன், அப்புறம்தான் எதிரி. அந்த வரிசையிலதாம்மா கதையே இருக்கு. நம்ம சங்கப் பாட்டுலயும் கிழவன்னா உரிமைக்காரன், தலைவன். இப்ப எங்க வீட்டுக்காரரைக் கிழவன்னு சொன்னா சோறு கெடைக்குமா? எது முன்னாடி, எது பின்னாடின்னு சொல்லாம ரெண்டு அர்த்தத்தையும் கலந்து கொட்டினா படிக்கிறவன் என்ன நினைப்பான்? இது தெரிஞ்ச நான் போயி அதைக் கலைப்பேனா?"

தொட்டியம் பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, வீட்டில் இன்றைக்கே சொல்வதா திங்கட்கிழமை சொல்வதா என்று யோசிக்க வேண்டும் என்றார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. டீம் லீட் விடுமுறை. ஹோஸ்டிஸ் சொல்லுக்கு நான்கு விஷயங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தேன்: ஸ்கேன் பக்கம், ஏ கோப்பு, பி கோப்பு, அனுப்பிய கோப்பு. முதல் மூன்றும் ஒரே வரிசை. நான்காவதில் வெளியூர்க்காரன் எதிரிகளுக்கு நடுவே எங்கோ கிடந்தான். உற்றுப் பார்த்தால் அதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. எழுதியவர்களின் சுருக்கப் பெயர்கள் அகர வரிசையில் நின்றன. கையால் யாரும் அப்படி அடுக்க மாட்டார்கள். நிரல் அடுக்கும்.

வேலையின் தொடக்கத்தில் ஒரு தொந்தரவு இருந்தது. பக்கத்துக்கு இரண்டு பத்திகள் என்பதால் சில கீயர்கள் பத்தி மாறிப் போய் மேற்கோள்களை முன்பின்னாகத் தட்டிவிடுவார்கள். நிரல் உடனே எல்லா வரியும் வேறுபடுகிறது என்று கத்தும். அதை அடக்க, ஒப்பிடுவதற்கு முன் ஒவ்வொரு சொல்லின் மேற்கோள்களையும் பெயர்ப்படி அடுக்கும்படி ஒரு படி சேர்த்தேன். ஒப்பிட்டு முடிந்ததும் பழைய வரிசைக்குத் திருப்ப வேண்டும். திருப்பும் படியை நான் எழுதவே இல்லை. அடுக்கிய கோப்பே வெளியே போயிருக்கிறது. எச் மட்டுமில்லை, ஏ எழுத்திலிருந்தே. முந்தைய எழுத்துகளைப் பதிப்பகத்தில் இன்னும் யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கத்திலும் படித்துப் பார்த்த ஒரே ஆள் அக்கா.

எதையும் முடிவு செய்யுமுன் எழுதிப் பார்க்கும் பழக்கத்தில் ஒரு காகிதம் எடுத்து எழுதினேன். திருப்பும் படியைச் சேர்த்தால் இருபது நிமிடத்தில் கோப்புகள் சரியாகிவிடும். யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிழை அக்கா பெயரில் இருக்கும். அடுத்த அகராதிக்கு என்னைப் பொறுப்பாளராகப் போடுவதாகப் பேச்சு இருக்கிறது. இப்படி நான்கு வரி எழுதிவிட்டு, ஐந்தாவதாக எழுத ஒன்றுமில்லாமல் காகிதத்தைப் பைக்குள் வைத்தேன். டீம் லீடுக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. விடுமுறையில் இருக்கிறவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கோவிலிலிருந்து முகம் சுளித்துக்கொண்டு வந்தார். கோஷ்டியில் தீர்த்தம் கொடுத்தவர் புதிது. வரிசை தெரியாமல் முன்னால் வர வேண்டியவரை விட்டுவிட்டுப் பின்னால் நின்றவருக்குக் கொடுத்துவிட்டாராம்.

"எல்லாருக்கும் கெடைச்சுதோன்னோ?" என்றாள் அம்மா.

"கெடைச்சாப் போறுமா? யாருக்கப்புறம் யாருன்னு இருக்கே."

"கொடுத்தவரண்டை சொன்னேளா?"

"நான் ஏன் சொல்லணும்? விட்டுப்போனவாளுக்கே தெரியுமே."

"அப்போ அவா வாயைத் திறக்கற வரைக்கும் எல்லாரும் பாத்துண்டு நின்னேளாக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள். நான் அடுத்த தோசையைத் தொடாமல் எழுந்து கை கழுவினேன்.

திங்கட்கிழமை எட்டரைக்கே அலுவலகம் போனேன். நான்கு பிரதிகளையும் அச்செடுத்து டீம் லீட் மேஜையில் வைத்து, எது எங்கே தவறியது என்று சொன்னேன். அவர் ஏ, பி இரண்டையும் விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"ரெண்டு பேர் தனித்தனியா உக்காந்து ஒரே மாதிரி எப்படிக் கலைப்பாங்க? இதை வெள்ளிக்கிழமையே நான் கேட்டிருக்கணும்."

நானும் கேட்டிருக்க வேண்டும் என்றேன். எத்தனை எழுத்து என்று கேட்டார். எட்டு என்றேன். பிறகு பிழைப் பதிவேட்டைத் திறந்து அக்காவின் பெயருக்கு நேரே இருந்ததை நீக்கினார். காரணம் என்ற கட்டத்தை என்னையே நிரப்பச் சொன்னார். கீயர், மூலம், நிரல் என்ற மூன்றில் நிரல் என்பதைத் தேர்ந்து என் பணியாளர் எண்ணைத் தட்டினேன். அடுத்த அகராதியைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றார். சரி என்றேன். அந்தப் பொறுப்பு பிறகு இன்னொருவருக்குப் போனது.

அக்கா ஒன்பது மணிக்கு வந்தார். இதை டீம் லீட் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று மாடிப்படியிலேயே நிறுத்திச் சொன்னேன். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் கேட்டார். வீட்டில் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். நேற்றுச் சொல்லிவிட்டதாகவும், மாமியார் நல்லதாய்ப் போயிற்று என்று சொன்னதாகவும் சொன்னார்.

"தப்பு யாருக்கும் வரும் மேடம். அது பரவாயில்ல. மூணு தடவ கேட்டேன். மூணு தடவயும் ஒரே பதிலை ஒட்டுனீங்க. ஒரு தடவ தொறந்து பாத்திருக்கலாம்ல?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் மேலே போய்க் கணினியைப் போட்டார். அன்று மதியம் வேறு மேஜையில் சாப்பிட்டார்.

திருப்பும் படியை எழுதி எட்டு எழுத்துகளையும் மறுபடி ஓட்டினேன். பெரும்பாலானவை சரியாகிவிட்டன. கீயர்கள் இருவரும் உண்மையிலேயே வேறு வேறு வரிசையில் தட்டியிருந்த சொற்கள் நூற்றுச் சொச்சம் மிஞ்சின. அவற்றுக்கு ஸ்கேனை எடுத்து வைத்து, பத்தி மாறும் இடங்களில் பொருளையும் காலத்தையும் பார்த்து ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அதை டீம் லீடிடம் சொன்னபோது அவர் அக்கா உட்கார்ந்திருந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

நான்கு மணிக்கு மனிதவளத் துறையில் அக்காவைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் ஓர் உறையோடு வந்தார். நிரந்தர ஆணையைப் பிரித்து ஒரு முறை படித்தார். மடித்து உறைக்குள் போட்டு, உறையைச் சாப்பாட்டுப் பைக்குள் படுக்க வைத்தார். கிளம்பும்போது என் மேஜைக்கு வந்தார்.

"மிச்சம் இருக்கற வார்த்தையெல்லாம் நாளைக்கு நான் படிச்சுப் பாக்கணுமாம். சார் சொல்லிட்டாரு. நீங்களும் பக்கத்துல உக்காருங்க."

சரிக்கா என்றேன்.

"நான் சொல்ற வரைக்கும் எதையும் அடுக்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று படியிறங்கினார்.