'வேக்' என்று திரும்பி வந்த மனு

இங்கிலீஷில் மனு எழுத வேண்டுமென்றால் புதுச்சேரியில் எங்கள் தெரு சவரிராயனிடம்தான் வருவார்கள். ஊரில் தடுக்கி விழுந்தால் பிரெஞ்சு தெரிந்தவர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் பிரிட்டிஷ் எல்லையைத் தாண்டினால் அந்தப் பிரெஞ்சு செல்லாது. சவரிராயன் சென்னையில் ஒரு கப்பல் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு வந்தவர். அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. வீட்டு அவமானத்தை மனுவில் எழுதக்கூடாது. புருஷன் ஓடிப்போனான், அண்ணன் குடிகாரன் என்பதையெல்லாம் 'சில குடும்பச் சூழ்நிலைகள்' என்று இங்கிலீஷில் பூசி மெழுகிவிடுவார். மானத்தைக் காப்பாற்றினார் என்று ஜனங்களும் கும்பிட்டுப் போவார்கள்.

1934-இல் பக்கத்துச் சாரம் கிராமத்திலிருந்து கன்னியம்மாள் வந்தாள். பஞ்சாலையில் வேலை செய்பவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடலூரில் ஓர் அனாதை விடுதியில் விட்ட மகள் சுலோசனாவைத் திரும்பக் கேட்க வேண்டும். குழந்தைக்கு இப்போது ஆறு வயது. சவரிராயன் அவளை அதிகம் பேச விடவில்லை. "போதும்மா, புரிஞ்சுது. மீதிய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, மூன்று பக்கம் எழுதி அனுப்பினார்.

பத்தாம் நாள் மனு திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் ஒரே இங்கிலீஷ் வார்த்தை: 'வேக்'. மாதக் கடைசிக்குள் சரியான விவரம் வராவிட்டால் குழந்தையைப் பெங்களூர் விடுதிக்கு அனுப்பிவிடுவோம் என்று கீழே ஒரு குறிப்பு.

மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தெரியாத வார்த்தையல்ல, இருந்தாலும் அகராதியைப் புரட்டினார். தெளிவில்லாதது, இன்னதென்று பிடிபடாதது, சொல்லியும் சொல்லாதது. வேறு நல்ல அர்த்தம் ஏதாவது இருக்குமோ என்று அடுத்த பக்கத்தையும் பார்த்தார். இல்லை. அதன் பிறகு இரண்டு நாள் ஊரில் எல்லோரும் அவருக்கு 'வேக்'. நாளைக்கோ நாளன்றைக்கோ தருகிறேன் என்ற தையல்காரர் அன்வருதீன் 'வேக்'. பூசைக்குப் பிறகு பார்க்கலாம் என்ற, மாதா கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை 'வேக்'.

அவர் மனைவி அகஸ்டினா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"பொண்ணு பாக்க வந்தப்ப, புடிச்சிருக்கான்னு எங்கப்பா ஒங்கள கேட்டாரு. ஆண்டவர் சித்தம்னு சொன்னீங்க. மூணு நாளு நான் சோறு திங்கல."

அவர் திரும்பி வந்த மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சாரத்துக்கு நடந்தார்.

"கொழந்தைய யாரும்மா கொண்டுபோயி விட்டது?" என்று கன்னியம்மாளைக் கேட்டார்.

"நான்தாங்கய்யா. அவங்கப்பா இன்னொருத்தியோட போயிட்டாரு. எனக்கு வாந்திபேதி கண்டு, அப்ப இருந்த வேலையும் போச்சு. பசி தாங்காம அது மண்ண தின்னுச்சு. அதான் விட்டுட்டு வந்துட்டேன்."

"உறவுக்காரங்க யாரோ விட்டாங்கன்னு எழுதிட்டேன். ஒன் மானத்துக்காகத்தான்."

"எம் மானம் கெடக்குதுங்க. பெத்தவதான் விட்டா, பெத்தவதான் கேக்கறான்னு எழுதுங்க. நான் யாருன்னே சொல்லாம இருந்தா, அவங்க யாருகிட்ட குடுப்பாங்க?"

சவரிராயனின் முகம் சுருங்கிப்போனது. இத்தனை வருஷத்தில் யார் யார் காரியத்தைக் கெடுத்தேனோ என்று அடுத்த வீட்டுக்காரனான என்னிடம் புலம்பினார். நான் ஆறுதல் சொல்லவில்லை. பட வேண்டிய வருத்தம்தான்.

புது மனு ஏழே வரி. புருஷன் ஓடியது, வாந்திபேதி, பசி, விட்டவள் பெயர் எல்லாம் இருந்தது. குழந்தையை வந்து அழைத்துப் போகலாம் என்று பதில் வந்தது.

கடலூருக்கு அவரும் கூடப் போனார். விடுதிக் கூடத்தில் சுலோசனா ஒரு தூணோடு ஒட்டி நின்றாள். அம்மாவை அடையாளம் தெரிந்தது. ஆனால் கிட்டே வரவில்லை. சவரிராயனுக்கு மனசு கேட்கவில்லை. "அம்மாவுக்கு அப்ப சில கஷ்டம் கண்ணு..." என்று ஆரம்பித்தார். கன்னியம்மாள் வேண்டாமென்று கையமர்த்தினாள்.

"மறுபடியும் விட்டுட்டுப் போயிடுவியா?" என்று குழந்தை கேட்டது.

"மாட்டேன்."

சுலோசனா தூணை விட்டு வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சவரிராயன் வாசலுக்குப் போய் நின்று அழுதார்.