ஏலக்காயோடு காய்ந்த சிடி

தப்பு என்று பட்டதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுவது என் பழக்கம். அதனால் வீட்டில் சாப்பாடு ஆறிப்போன நாட்கள் நிறைய. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் எனக்கு மேற்பார்வை வேலை. தோட்டத்து வீட்டில் நானும் மனைவியும்தான். அவளுக்குக் கார்ப் பந்தய விளையாட்டு என்றால் உயிர். வீட்டுக்குள் நெட் எடுக்காது என்பதால் பழைய கம்ப்யூட்டரில் சிடி போட்டுத்தான் ஆடுவாள்.

ஒருநாள் அந்த சிடியை இன்னொரு சிடியில் பதிந்துகொண்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"கடையில வாங்குனதுதான் இருக்குல்ல, காப்பி எதுக்கு? இது திருட்டு."

"என் சிடி, என் வீட்டுல, எனக்காக. யாருகிட்டத் திருடுனேன்?"

"அத உருவாக்குனவன்கிட்ட. ஒடைச்சுப் போடு."

"சரி" என்றாள். அவள் அவ்வளவு வெரசாகச் சரி சொன்னால் சந்தேகப்பட வேண்டும். நானோ ஜெயித்துவிட்ட மிதப்பில் இருந்தேன்.

ஆடியில் மழை பிடித்தது. சுவர், துணி, செருப்பு என்று எல்லாம் பூஞ்சை பூத்தன. சிடியும் தப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்துச் சிலமலையிலிருந்து அவள் தம்பி பந்தயம் கட்டி ஆட வருவதாக இருந்தான். போன தடவை அவனிடம் தோற்றது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. எனவே சனிக்கிழமை, நல்லது செய்வதாக நினைத்து, சிடியைத் துடைத்து, ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் அறையில் காய்களுக்கு நடுவே வைத்தேன். ஈரமான எதையும் அங்கே வைத்தால் தேறிவிடும் என்பது எங்கள் மலைப் புத்தி. ரேஷன் கார்டு அங்கே தேறியிருக்கிறது, என் செல்போனும் ஒருமுறை தேறியிருக்கிறது.

மறுநாள் காலையில் சிடி அப்பளமாக வளைந்து கிடந்தது. நல்ல ஏலக்காய் மணம் வேறு.

கையில் வாங்கிப் பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அந்தக் காப்பிய நெசமாவே ஒடைச்சிட்டியா?" என்று மெல்லக் கேட்டேன்.

"திருட்டுப் பொருள் ஒங்களுக்கு எதுக்கு?"

குடையை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் பாறைக்குப் போனேன். அரை மணி நேரம் நனைந்துகொண்டே செல்போனில் சட்டத்தைத் தேடிப் படித்தேன். முறையாக வாங்கிய கம்ப்யூட்டர் புரோகிராம் தொலைந்தோ கெட்டோ போனால் உதவட்டும் என்று, வாங்கியவர் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளலாமாம். வீட்டுக்கு வந்து சொட்டச் சொட்ட நின்று அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நான் சொன்னது தப்பு என்றும் சொன்னேன்.

அவள் அடுப்படிக்குப் போய் அரிசி டிரம்மிலிருந்து காப்பியை எடுத்து வந்தாள்.

"இந்தச் சட்டத்த நான் அன்னைக்கே படிச்சிட்டேன். நீங்களும் படிக்கட்டும்னுதான் இருந்தேன்."

மதியம் தம்பி வந்தான். ஜீப்பில் கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வருபவன், விளையாட்டில் பிரேக்கே பிடிக்க மாட்டான். மூன்று ஆட்டத்திலும் அக்காவிடம் தோற்றான். கிளம்பும்போது என்னைத் தனியே கூப்பிட்டான்.

"மச்சான், இதுல எனக்கொரு காப்பி போட்டுக் குடுங்க. வீட்டுல பழகிட்டு வர்றேன்."

காலையில் சூடுபட்ட நாக்கு எனக்கு. வாசலில் நின்றவளைக் கூப்பிட்டு அவன் கேட்டதைச் சொன்னேன்.

"இது எங்க சிடிக்குக் காவல்டா. ஒனக்குப் போட்டுக் குடுத்தா, அன்னைக்கு ஒங்க மச்சான் சொன்னாரே, அந்தத் திருட்டுதான்" என்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவள் அதோடு விடவில்லை.

"நீ சொந்தமா ஒண்ணு வாங்கு. மழைக்காலத்துல மட்டும் ஒங்க மச்சான் கண்ணுல காட்டாத."