மூங்கில் பாலத்துக்கு முன் ஓர் ஈச்ச மட்டை

முதலில் ஒரு கெஞ்சல். இதை யாருக்கும் காட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், யாரையும் டேக் செய்ய வேண்டாம்.

ரூமாதி இறந்துவிட்டார். இன்று சாயங்காலம், ஆஸ்பத்திரியில். குரூப்பில் மெசேஜ் வந்தபோது நான் கையில் தோசைத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் போஸ்ட் தெரிவது உங்கள் பதினொரு பேருக்குத்தான். எல்லோரும் நம் திருச்சி ஸ்கூல். அம்மா, சித்தி எல்லோரையும் லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிட்டேன். இங்கே சைக்கிள் குரூப்பில் ஒருவருக்கும் தமிழ் படிக்க வராது.

ரூமாதியை உங்களுக்குத் தெரியாது. தி என்றால் இங்கே பெங்காலியில் அக்கா. லேக் கார்டன்ஸில் எங்கள் ஃப்ளாட்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருந்தார். ஐடி வேலை, இருபத்தெட்டு வயது... ஞாயிறு விடிந்தால் எங்கள் ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

ஊருக்குத் தெற்கே இருக்கிற சரணாலயம். பழைய மாமரங்கள், மூங்கில், பாசி பிடித்த குளங்கள். சனி ஞாயிறு மட்டும் சைக்கிளை உள்ளே விடுவார்கள்.

மவுண்டன் பைக் வேண்டும் என்று நான் அழுதபோது அம்மா சொன்னது: "மேடே இல்லாத ஊர்ல மலை சைக்கிள் எதுக்குடி? ஃப்ளைஓவர் ஏறப் போறியா?"

இதை ரூமாதியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "மலை இல்லன்னா என்ன, வேர் இருக்கே! உங்கம்மாவை ஒரு தடவை அந்த ஆலமர வேர் மேல ஓட்டச் சொல்லு, பாக்லி."

பாக்லி என்றால் பைத்தியக்காரி. என் உண்மையான பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

எப்போதும் அவர்தான் முன்னால் போவார். மூங்கில் புதர் வளைவுகளில் எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாது. அதனால் திரும்பும் முன் "ஆஸ்ச்சி!" என்று கத்துவார். வருகிறேன் என்று அர்த்தம். பின்னால் வரும் நாங்கள் அந்தக் குரலை வைத்தே பிரேக் பிடிப்போம்.

அந்தக் காட்டுப் பாதைகளில் போர்டு கிடையாது. ஒரு வழி கெட்டுப்போயிருந்தால் காவலர் ஹாரு காகு (காகு என்றால் சித்தப்பா) முள்ளோடு ஓர் ஈச்ச மட்டையை வெட்டிக் குறுக்கே போடுவார். மட்டை கிடந்தால் போகக்கூடாது. தூக்கினால் அதே இடத்தில் திரும்பப் போட வேண்டும். முதல் நாள் ரூமாதி எனக்குச் சொன்ன ஒரே ரூல் அதுதான்.

சனிக்கிழமை நான் டியூஷன் போகவில்லை. தனியாகக் காட்டுக்குப் போனேன்.

கேட்டில் ஹாரு காகு நோட்டை எடுத்தார். "காகு, என் பேரை மட்டும் எழுதாதீங்க. வீட்டுக்குத் தெரிஞ்சா சைக்கிளை வித்துடுவாங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடிவிட்டார். "சரி மா, நீ இன்னிக்கு வரவே இல்ல. மூங்கில் பாலத்துப் பக்கம் மட்டும் போகாதே. மழையில உளுத்துப் போச்சு, மட்டை போட்டிருக்கேன்."

நேராக அங்கேதான் போனேன். வீடியோ எடுக்க. அந்தப் பாலம் வீடியோவில் அவ்வளவு அழகாக வரும்...

மட்டையை இழுத்துப் புதருக்குள் தள்ளினேன். பாலம் கிரீச்சென்றது, ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பக்கம் இறங்கி வேறு வழியாகக் கேட்டுக்கு வந்துவிட்டேன்.

"மட்டையைத் திரும்பப் போட மறந்துவிட்டேன்" என்று முதலில் எழுதினேன். அழித்துவிட்டேன். மறக்கவில்லை. கேட் அருகிலேயே ஞாபகம் வந்தது. தூறல் போட்டது. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை கேட்டில் வேறு காவலர். ரூமாதி ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன பாக்லி, சொல்லு."

"ஒண்ணுமில்ல ரூமாதி."

சொன்னால் டியூஷன் விஷயம் வீட்டுக்குப் போய்விடும் என்று பயம். என்னைத் தாங்கிய பாலம்தானே என்றும் நினைத்தேன்.

நான் மூன்றாவது ஆளாகப் போய்க்கொண்டிருந்தேன். "ஆஸ்ச்சி!" கேட்டது. பிரேக் பிடித்தேன். அப்புறம் மூங்கில் முறியும் சத்தம்.

பாலத்துக்குக் கீழே பள்ளத்தில் கிடந்தார். அதற்குப் பிறகு அவர் கண்ணைத் திறக்கவில்லை.

அவர் சைக்கிளைக் கொண்டுவந்து அவர்கள் கட்டடத்தின் கீழே சாத்தியிருக்கிறார்கள். என் ஜன்னலிலிருந்து தெரிகிறது. டயரில் அந்தப் பள்ளத்துச் சேறு அப்படியே இருக்கிறது. ஹேண்டில்பாரில் யாரோ ரஜனிகந்தா மாலை, நம் ஊர்ச் சம்பங்கி, போட்டிருக்கிறார்கள். திரையை மூடினாலும் வாசனை வருகிறது... இவ்வளவு தூரம் வருமா என்று தெரியவில்லை.

எங்கள் லிஃப்ட் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அந்தக் குரல் கேட்கிறது. ஞாயிறிலிருந்து இப்படித்தான். முதலில் குரல், பிறகு எதுவும் இல்லை. நான் பிரேக் பிடிப்பதுபோல் விரல்களை மடக்கிக்கொள்கிறேன்.

நாளை காலை பத்து மணிக்கு ஹாரு காகுவை சரணாலய ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை நோட்டில் ஒரு பெயரும் இல்லை. யாருமே வரவில்லை என்றால் மட்டையை யார் எடுத்தார்கள்? அதனால் அவர் மட்டை போடவே இல்லை என்கிறார்கள். வேலை போய்விடும். குரூப்பில் அவரைக் கொலைகாரன் என்று எழுதுகிறார்கள். நானும் அதைப் படித்துவிட்டு ஓர் அழும் எமோஜி போட்டேன்.

"மட்டை போட்டேன்" என்று மட்டும் சொல்கிறாராம். என்னை உள்ளே விட்டதைச் சொல்லவில்லை.

வீடியோ என் போனில் இருக்கிறது. பதினேழு விநாடி. மட்டையை இழுப்பது என் கை. சிவப்புக் கயிறு கட்டிய கை, யார் பார்த்தாலும் தெரியும். இரண்டு தடவை டெலிட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

ரூமாதி, போய் வாருங்கள். அன்றைக்கு நீங்கள் சொல்லு என்றீர்கள்.

பதினொரு பேரில் யாராவது விழித்திருந்தால், கேளுங்கள். வீடியோவை இதற்குக் கீழே போடுகிறேன். யாருக்கும் காட்டாதீர்கள் என்றேன் இல்லையா? பத்து மணி வரைக்கும்தான். அதற்குள் நான் போய்ச் சொல்லவில்லை என்றால் எல்லோருக்கும் காட்டி

கதவு தட்டுகிறது. அம்மா என்றால் என் பெயரைச் சொல்லித்தான் தட்டுவாள். இப்போது யாரும் பெயர் சொல்லவில்லை.

லிஃப்ட் நின்ற சத்தம்கூடக் கேட்கவில்லை.

வீடியோ ஏறிக்கொண்டிருக்கிறது... மறுபடியும் தட்டு