சோதனை மேசை அத்தை

என் அப்பாவோடு பிறந்தவர்கள் நாலு பேர். அதில் கடைசிக்கு முந்தினவர் அத்தை, கடைசியானவர் சித்தப்பா. அத்தை, அத்தை மகள், சித்தப்பா, நான் என்று எங்கள் குடும்பத்தில் நாலு பேர் ஒரே குடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். சித்தப்பா கம்பி வளைக்கும் இயந்திரத்தில். நாங்கள் சின்னவர்கள் இரண்டு பேரும் தையலில். அத்தை சோதனை மேசையில்.

அந்த மேசை பெரிய ஜன்னலுக்குக் கீழே இருந்தது. செய்து முடித்த குடையெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அத்தை ஒவ்வொன்றையும் விரிப்பார், வெளிச்சத்துக்கு எதிரே ஒரு சுற்றுச் சுற்றுவார், மடக்குவார். எட்டுக் கம்பியும் ஒரே மூச்சில் விரிய வேண்டும். ஒன்று பின்தங்கினாலும் "தள்ளு" என்பார். அதனால் அவர் பெயரே 'தள்ளு' என்றாகிவிட்டது.

"தள்ளு கைக்குத் தப்பிச்ச ஒரே பழுது உங்க மாமாதான்" என்று சித்தப்பா என்னிடம் கேலி பேசுவார். மாமா காதில் விழுந்தால் அவரும் சிரிப்பார், இருமிக்கொண்டே. நெஞ்சு நோய்க்காரர். அந்த வீட்டில் உலை கொதித்தது அத்தை சம்பளத்தில்தான்.

மழைக்காலத்துக்கு முந்தின மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. புதுத் துணி வாசமும் இயந்திர எண்ணெய் வாசமும் சேர்ந்து தலைமுடியில் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் சங்கு ஊதினதும் நாலு பேரும் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நடந்து வருவோம். இப்போதும் எங்கேயாவது குடை விரியும் சத்தம் கேட்டால், கம்பி சரியாக விரிந்ததா என்று காது தானாகப் பார்த்துக்கொள்கிறது.

பிறகு வெளிநாட்டுக் குடை வந்து இறங்கியது. கைப்பைக்குள் அடங்கும் மடக்குக் குடை. விலை எங்களுடையதில் பாதி. எங்களுக்கு முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை, பிறகு வாரத்துக்கு ஒருநாள், கடைசியில் கதவுக்குப் பூட்டு.

இறக்குமதியால் வேலை போனவர்களுக்கு அரசாங்கத்தில் உதவி உண்டு என்று அப்போதுதான் தெரியவந்தது. ஒரு வருஷத்துக்குப் பாதிச் சம்பளம், கூடவே வேறு தொழிலுக்குப் பயிற்சி. ஆனால் வந்து இறங்கின சரக்கு எங்கள் சரக்கின் இடத்தைப் பிடித்தது என்று தெரிய வேண்டும். அதை விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினோம். வெளியே நல்ல மழை. குடையைப் பற்றிப் பேச அத்தையை விட்டால் வேறு ஆள் ஏது? அவரையே முன்னால் உட்கார வைத்தோம்.

அதிகாரி இரண்டு குடைகளை எடுத்து வைத்தார். "அம்மா, இது நீங்க செஞ்சது. இது வெளிநாட்டிலேர்ந்து வந்தது. ரெண்டும் ஒண்ணுதானா?"

அத்தை அந்த மடக்குக் குடையை ஒரு தரம் விரித்துப் பார்த்துக் கீழே வைத்தார். "நாலு காத்து அடிச்சா கம்பி தனி, துணி தனி சார். இதையும் எங்க குடையையும் பக்கத்திலே பக்கத்திலே வைக்கிறதே தப்பு. மலையும் மடுவும் ஒண்ணாகுமா?"

கூடமே கை தட்டியது. அதிகாரி பேனாவை மூடினார். "அப்படின்னா இதனாலே உங்க வேலை போகலைன்னு ஆகுதேம்மா. ரெண்டும் வேற வேற சரக்குன்னா உதவி தர வழியில்லே."

கைதட்டல் அடங்கிப்போனது. சித்தப்பா அத்தை காதோரம் குனிந்தார்.

"அக்கா, ஒண்ணுதான்னு சொல்லிடேன். வாய் தேஞ்சா போயிடும்?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"அத்தானுக்கு மருந்து வாங்கணும். குடைக்கு வக்காலத்து வாங்கினா அது வருமா?"

அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. யார் கண்ணையும் பார்க்க முடியாமல் வாசல் பக்கம் திரும்பினார். அங்கே நாங்கள் பிடித்து வந்த குடைகள் சுவரோரம் நீர் சொட்டிக்கொண்டு கிடந்தன. எழுந்து போய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். எங்கள் குடை பத்துக்கு இரண்டு தேறியிருந்தால் அதிகம். மற்றதெல்லாம் வந்து இறங்கின சரக்கு.

"இந்தப் பச்சை யாரோடது?"

அத்தை மகள் தயங்கித் தயங்கி எழுந்தாள். "என்னோடதும்மா. பையிலே அடங்குதேன்னு வாங்கினேன்."

"ஏன், நம்ம வீட்டிலே குடை இல்லியா?"

"பழசு கிழிஞ்சு போச்சு. நம்ம குடையிலே ஒண்ணு வாங்கணும்னுதான் போனேன். இதைப் பார்த்ததும் அதை வாங்கலே."

அத்தை அந்தப் பச்சைக் குடையோடு திரும்பி வந்தார். "சார், முதல்லே சொன்னதிலே மாத்தமில்லே. எங்க குடைதான் நல்ல குடை. ஆனா இதை வாங்கினவங்க அதை வாங்கலே. நான் பெத்த பொண்ணே வாங்கலே. நனையாம இருக்க ரெண்டும் ஒண்ணுதான்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு. எழுதிக்குங்க."

"நான் கேட்டது அதைத்தாம்மா" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

உதவி வந்தது. சித்தப்பா லாரி பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார். அத்தை ரொட்டி சுடப் பயிற்சிக்குப் போய், முதல் மாதம் கையைச் சுட்டுக்கொண்டார். பிறகு ஓர் ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் ஓய்வு பெறும் வயசுவரை வேலை பார்த்தார். மாமாவும் மருந்து மாத்திரை தவறாமல் கிடைத்து, தெருமுனைவரை நடக்கும் அளவுக்குத் தேறினார்.

எனக்கு அந்தக் கூட்டம் கலைந்த நேரம்தான் அடிக்கடி ஞாபகம் வரும். வாசலில் ஒருவரும் தங்கள் குடையைத் தொடவில்லை. அத்தை முதலில் போகட்டும் என்று சுவரைப் பார்த்து நின்றோம். அவர் மகள் கையில் பச்சைக் குடையைக் கொடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"என்ன நிக்கிறீங்க? மழை இப்போ விடாது. அவங்கவங்க குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."